கை எண்ணுகிறவள்

பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில்தான்
எங்கள் ஊர்ச்சபை கூடும்.
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே தலைவர்.
ரப்பர் மெத்தை வாசனை.
மடக்கு நாற்காலிகள் நூற்றிருபது.
எனக்கு ஒரு நீலப் பென்சில், ஓர் அட்டை;
இடப்பக்க வரிசைகளில் தூக்கிய கைகளை
எண்ணித் தருவது என் வேலை.

முதலில் கழிவுநீர்க் குழாய்க்கான கடன். ஒருமனதாக.
அடுத்து பனி அள்ளும் வண்டி. அதில் கொஞ்சம் சண்டை.
அந்த வண்டியில் அவள் கட்டிய வரியும் உண்டு.
விருந்தினர் நாற்காலியில்
மடிமேல் கைகளை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
குடியிருக்கிறாள்,
குடியல்ல.

மூன்றாவதாக,
பித்துச்சி, ஃபிட்டோரே.
கொசோவோவில் பிறந்தவள்.
இந்தச் சுவிஸ் பள்ளத்தாக்கில் பத்தொன்பது வருடம்.

வெளியே போகச் சொன்னார்கள். விதி அப்படி.
பிள்ளைகள் கோட்டு மாட்டும் கொக்கிகளுக்கு அடியில்,
முழங்கால் உயரப் பெஞ்சில்,
ஒன்றாம் வகுப்புச் செருப்புகளுக்கு நடுவே
அவள் உட்கார்ந்திருப்பது
கதவின் கண்ணாடிச் சதுரத்தில் பாதி தெரிந்தது.

குழு கேட்ட கேள்விகளைத் தலைவர் வாசித்தார்.
ஓடையின் பெயர்? சொன்னாள்.
அட்டைப் பெட்டிகளை என்றைக்கு வெளியே வைக்கலாம்?
கிழமையைச் சொல்லி,
சணல் கயிற்றால்தான் கட்ட வேண்டும் என்றும் சொன்னாள்.
தேவாலயத்துப் பெரிய மணி என்ன எடை?
அது தெரியவில்லை.
எனக்கும் தெரியாது.
கூடத்தில் யாருக்குத் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை.

மறுப்பவர்கள் காரணம் சொல்ல வேண்டும்.
ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போடுகிறாள் என்றது ஒரு குரல்.
எந்தச் சங்கத்திலும் சேரவில்லை என்றார் லியோன்ஹார்ட்.
சங்கங்கள் கூடுவது மாலை ஏழுக்கு.
ஏழுக்கு அவள் லியோன்ஹார்டின் அம்மாவை
படுக்கைப்புண் வராமல் புரட்டிக் கொண்டிருப்பாள்.
இதை எழுந்து சொல்லியிருக்கலாம்.
எண்ணுகிறவள் பேசும் வழக்கமில்லை.

ஆதரிப்போர்?
எண்ணினேன்.
எதிர்ப்போர்?

உயரே போய்விட்டால்
எல்லாக் கையும் ஒரே எண்தான் என்று
பதினோரு வருடமாக நினைத்திருந்தேன்.
மூன்றாம் வரிசையில் ஒரு கட்டைவிரல்;
அதன் நகப்பூஞ்சைக்கு எட்டு மாதம் மருந்து தடவியவள் அவள்.
ஐந்தாம் வரிசையில், பக்கவாதத்துக்குப் பிறகு
தோள்வரை தூக்கவே
அவளிடம் பயிற்சி பெற்ற கை.
நன்றாகவே தூக்கியது.
ஃபிட்டோரே என்றால்
அவள் மொழியில் வெற்றி என்று பொருள்.
இருபத்தாறு, இருபத்தேழு என்று குறிக்கும்போது
அது ஏன் நினைவுக்கு வர வேண்டும்?

ஆதரவு நாற்பத்தேழு, எதிர்ப்பு ஐம்பத்தொன்று.
கைகூடவில்லை.

எண்ணுகிறவளுக்கும் ஓட்டு உண்டு.
என் கையில் பென்சில் இருந்தது.
ஒரு கையால் என்ன மாறியிருக்கும்,
நாற்பத்தெட்டு ஆகியிருக்கும்,
அவ்வளவுதானே என்று
வீடுவரை பனியில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

மறுநாள் காலை ஆறு நாற்பது.
அழைப்பு மணி அடிக்கவில்லை;
எங்கள் வீட்டுச் சாவி அவளிடம்தான் இருக்கிறது.
ஊரில் இருபத்துமூன்று வீட்டுச் சாவிகள்
அவள் வளையத்தில்.
பூட்ஸைக் கழற்றி, கையைச் சூடாக்கி,
என் தம்பி கௌடென்ஸைத் தொட்டு எழுப்பினாள்.
மரவாடியில் முதுகெலும்பு முறிந்தபின்
அவன் சிரிப்பது அவளிடம் மட்டும்.

காப்பி தரட்டுமா என்றேன்.
முடித்துவிட்டுக் குடிக்கிறேன் என்றாள்.
நகவெட்டியைத் தேடி எடுத்தாள்.
"மேல்முறையீடு செய்ய முப்பது நாள் இருக்கிறது.
கடிதத்தை வக்கீல் எழுதுவார்."
கொஞ்ச நேரம் நகம் மட்டும் தெறித்தது.
"அறுநூற்று எண்பது கிலோ."
எது?
"மணி. ராத்திரி தேடினேன்.
மறுபடி கேட்டாலும் கேட்பார்கள்."

பிறகு என் முகத்தைப் பார்க்காமல்
"உங்கள் பக்க வரிசைகளில் எத்தனை?" என்றாள்.
சொன்னேன்.
உங்களையும் சேர்த்தா என்று கேட்கவில்லை.
கௌடென்ஸின் கை துள்ளத் தொடங்கியது, வழக்கம்போல.
"இதைக் கொஞ்சம்
பிடித்துக்கொள்ளுங்கள்" என்றாள்.